பரோட்டாவை மட்டும் குற்றம் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பரோட்டா, பிராய்லர் கோழி, பாக்கெட் தின்பண்டம், ராத்திரி ஷிப்ட், உட்கார்ந்த இடத்திலேயே வேலை, டென்ஷன் என்று எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் கீரை சாப்பிடுங்கள், தினமும் நடங்கள் என்று முடித்துவிட்டார்கள். ஆனால் அத்தனை பெரிய கட்டுரையில் ஒரு கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை: "உங்க வீட்டுல வேற யாருக்காவது இது வந்திருக்கா, வந்திருந்தா எத்தனை வயசுல வந்துச்சு?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் பெருங்குடல் கேன்சரைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும் என்பது என் கட்சி. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், வெட்டாமல் போட்டால் நல்லது.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் பயாப்ஸி ஆய்வகத்தில் பிளாக் செய்வதும் ஸ்லைடு போடுவதுமாக இருந்து ஓய்வு பெற்றவன். அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் குடல் துண்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கூடவே வரும் கோரிக்கைத் தாளில் வயது என்ற கட்டத்தில் 62, 70 என்று இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். 34 என்றோ 29 என்றோ இருந்தால் அன்றைக்கு ஆய்வகத்தில் பேச்சே குறைந்துவிடும். அதே தாளில் 'குடும்ப வரலாறு' என்று இன்னொரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அது காலியாக இருக்கும், அல்லது 'குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை' என்று எழுதியிருக்கும். கேட்டு எழுதினார்களா, கேட்காமலே எழுதினார்களா என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது பயந்துபோய்த் தூங்காமல் இருப்பார்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதில்லை. வயது, உணவு, எடை, புகை, குடி, அப்புறம் அதிர்ஷ்டம் கெட்டது என்று பல காரணம். பெற்றோரிடமிருந்து நேராக வந்த ஒரே ஒரு மரபணுக் கோளாறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். அதில் 3 பேர் போல லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற ஒரே வகைக்குள் வருகிறார்கள். வெறும் மூன்று சதவீதத்துக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். மற்றவர்களில் பெரும்பாலோரின் நோய் அவரோடு போகும். இந்த 3 பேருக்குப் பின்னால் அண்ணன், தங்கை, பெற்ற பிள்ளைகள், சித்தப்பா, அத்தை என்று ஒரு கூட்டமே நிற்கிறது. உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே கோளாறு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர்களை நோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்தால் காப்பாற்றவும் முடியும். கேன்சரில் இப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை.

இந்த லிஞ்ச் சிண்ட்ரோம் கதை ஒரு தையல்காரப் பெண்ணிடம் ஆரம்பிக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்கூறு நிபுணரிடம் அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண், "நான் சின்ன வயசிலேயே செத்துப்போவேன், எங்க குடும்பத்துல எல்லாரும் வயித்துலயோ குடல்லயோ கர்ப்பப்பையிலயோ கேன்சர் வந்துதான் போறாங்க" என்ற பொருள்பட வருத்தப்பட்டாராம். வேறு யாராவது இருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வார்தின் உட்கார்ந்து அவர் குடும்ப மரத்தை எழுத ஆரம்பித்தார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்தை 'ஜி குடும்பம்' என்று பெயரிட்டு 1913-இல் வார்தின் கட்டுரை வெளியிட்டார். காலப்போக்கில் அது கிடப்பில் போனது.

ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் டாக்டரிடம் ஒரு குடிகார நோயாளி வந்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டதற்கு, எப்படியும் எங்கள் வீட்டில் எல்லாரையும் போல நானும் குடல் கேன்சரில்தான் சாகப் போகிறேன், அதனால் குடிக்கிறேன் என்றாராம். லிஞ்ச், ஆன் க்ரஷ் என்ற சமூகப் பணியாளரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சொந்தபந்தங்களைத் தேடி விவரம் சேகரித்து, 1966-இல் இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் கேன்சர் பரம்பரையாக வரும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், அதனால் வருகிறது என்றே பதில் வந்தது. நம் கட்டுரையாளர்கள் இன்றைக்கும் சொல்வது அதைத்தான். வார்தின் விட்டுப்போன காகிதங்களும் லிஞ்சிடமே வந்து சேர்ந்தன; 'ஜி குடும்பத்தை' மறுபடி தேடிப்பிடித்து 1971-இல் எழுதினார். இதற்குக் காரணமான மரபணுக்கள் 1993-இலிருந்து ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. 2000-இல் அந்தத் தையல்காரப் பெண்ணின் வம்சத்திலேயே எம்.எஸ்.எச்.2 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. அந்தப் பெண் ஒரு சோதனையும் இல்லாமல், வீட்டில் விழுந்த சாவுகளை வைத்தே சரியாகச் சொல்லியிருந்தார்.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஜி குடும்பத்தில்' முன் தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுநோய் நிறைய. பின் தலைமுறைகளில் அது குறைந்து பெருங்குடல் மேலே வந்துவிட்டது. மரபணு அதேதான், வாழ்க்கை முறை மாறியதும் நோய் வரும் இடம் மாறியிருக்கிறது. ஆகவே உணவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பரோட்டாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

சரி, அந்த மரபணு என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் அத்தனையையும், கோடிக்கணக்கில், படி எடுக்க வேண்டும். படி எடுத்தால் பிழை விழத்தான் செய்யும். உங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவர் இருப்பது போல செல்லுக்குள்ளும் இருக்கிறார்கள், எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நாலு மரபணுக்கள் செய்யும் புரதங்களுக்கு அந்த வேலைதான். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி நமக்கு உண்டு. லிஞ்ச் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஒரு பிரதி பிறக்கும்போதே பழுது. மற்றது ஒழுங்காக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. என்றைக்காவது குடலின் ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டால், அந்தச் செல்லில் பிழைகள் திருத்தப்படாமல் சேர ஆரம்பிக்கின்றன. ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் முதலில் குளறுபடி ஆகும். சாதாரணமாக ஒரு பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) புற்றாக மாற பத்து வருஷம் போல எடுக்கும் என்பார்கள். இவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வருஷத்திலேயே முடிந்துவிடலாம். அதனால்தான் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை குடலைப் பரிசோதித்தால் போதும் என்பது இவர்களுக்குப் பொருந்தாது.

இதே போல ஏ.பி.சி. என்ற மரபணுவில் பிழை உள்ள குடும்பங்களும் உண்டு. 1991-இல் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் பதின்ம வயதிலேயே குடல் முழுக்க நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பாலிப் முளைக்கும், குடலை எடுக்காமல் விட்டால் நாற்பது, ஐம்பது வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் புற்று வந்துவிடும். அந்தக் குடலை ஒரு தடவை டிரேயில் விரித்து வைத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், தவறவிடவும் மாட்டார்கள். லிஞ்ச் அப்படி இல்லை. ஒரு பாலிப், இரண்டு பாலிப், வெளியே பார்த்தால் எல்லாரையும் போலத்தான். அதுவும் பெரும்பாலும் பெருங்குடலின் வலது பக்கத்தில், அது தொடங்கும் பகுதியில் இருக்கும். அங்கே கசியும் ரத்தம் மலத்தில் சிவப்பாகத் தெரியாது. ஆளுக்கு மூச்சு வாங்கும், சோர்வாக இருக்கும், ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கியிருக்கும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாற்பது வயது ஆணுக்கு ரத்தசோகை எதனால் வந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா? இடது பக்கமாக இருந்து ரத்தம் கண்ணில் பட்டாலோ, இருக்கவே இருக்கிறது மூலம். பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்' என்று விளம்பரம் எழுதி வைத்திருக்கும் ஊரில், ரத்தம் போனால் மூலம் என்றுதான் நினைப்பான், அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

பெண்களுக்கு இது குடலில் வருவதற்கு முன்பே கர்ப்பப்பையில் வரலாம். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பிழை உள்ள பெண்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை வாழ்நாளில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகலாம் என்பது வெளிநாட்டுக் கணக்கு. நம் ஊரில் விசாரித்துப் பாருங்கள். "பாட்டிக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க." எதற்கு? "ரொம்ப உதிரம் போச்சாம், எடுத்துட்டாங்க." அவ்வளவுதான், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பயாப்ஸிக்கு அனுப்பினார்களா, ரிப்போர்ட் என்ன வந்தது, எதுவும் இல்லை. பெரியப்பா செத்தது 'வயித்துல கட்டி', அத்தை செத்தது 'குடல் புண்', தாத்தா 'மஞ்சக்காமாலை முத்திப்போய்'. மரணம் விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற நாம், செத்தவருக்கு என்ன நோய் என்பதை மட்டும் எழுதி வைப்பதில்லை. தெரிந்தவர்களும் வெளியே சொல்வதில்லை, காரணம் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது.

1990-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி ஒரு எளிய விதி வகுத்தார்கள். மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் மூன்று பேருக்கு, அடுத்தடுத்த இரண்டு தலைமுறையில், ஒருவருக்காவது ஐம்பது வயதுக்கு முன்னால் வந்திருந்தால் அந்தக் குடும்பத்தைச் சந்தேகப்பட வேண்டும். 1999-இல் கர்ப்பப்பை, சிறுகுடல், சிறுநீர்க் குழாய் புற்றுநோய்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மனப்பாடம் செய்துகொள்ள நல்ல விதிதான், ஆனால் இதை மட்டும் நம்பினால் நிறையக் குடும்பங்கள் தப்பிப் போகின்றன. இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளை. மூன்று பேருக்கு வர, முதலில் மூன்று பேர் இருக்க வேண்டுமே. அதுவும் பாதி விவரம் மறைக்கப்பட்ட குடும்பத்தில்.

அதனால்தான் குடும்பத்தைக் கேட்பதோடு நிற்காமல் கட்டியையே கேட்டுவிடலாம் என்ற முறை வந்தது. இது என் வேலையோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கியிருப்போம். அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வைத்து நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவினால் நாடா மாதிரி வரும். வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் பிடித்து, சூட்டில் ஒட்டவைத்து, அந்த நாலு புரதங்களுக்கும் உரிய ஆன்டிபாடியை (அந்தந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்) தனித்தனி ஸ்லைடில் விட வேண்டும். புரதம் இருக்கும் இடத்தில் செல்லின் உட்கரு பழுப்பாக மாறும். இல்லாத இடத்தில் வெறும் நீலம். நன்றாக வந்த ஸ்லைடில், புற்றுச் செல்கள் சுரப்பி சுரப்பியாக நீலமாக நிற்கும், அவற்றுக்கு நடுவே இருக்கும் நிண அணுக்கள் மட்டும் பழுப்பாக இருக்கும். அந்த நிண அணுக்கள் பழுப்பானால்தான் சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது என்று நம்பலாம்; அவையும் நீலமாக இருந்தால் ஸ்லைடைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். எம்.எல்.எச்.1 காணாமல் போனால் கூடவே பி.எம்.எஸ்.2-வும் காணாமல் போகும், எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6-உம் போகும், ஜோடியாகத்தான் இருப்பார்கள், முன்னவர் இல்லாமல் பின்னவர் நிற்க மாட்டார். ஐ.எச்.சி. என்ற இந்தச் சாயச் சோதனைக்கு வசதி உள்ள எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடிய வேலை இது. ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

புரதம் காணவில்லை என்று வந்தாலே பரம்பரை என்று முடிவு கட்டக் கூடாது. வயதானவர்களுக்கு எம்.எல்.எச்.1 மரபணு கட்டிக்குள் மட்டும் ரசாயன மாற்றத்தால் அணைந்துபோவது சகஜம், அது பிள்ளைகளுக்குப் போகாது. அதைப் பிரித்துப் பார்க்க வேறு சோதனைகள் உண்டு. அதையும் தாண்டி சந்தேகம் இருந்தால்தான் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை. அதில் பிழை இன்னது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தவர் நிம்மதியாகப் போகலாம், அவர் பிள்ளைகளும்தான். இதை யாரும் சொல்வதில்லை. சோதனை செய்தால் கெட்ட சேதி மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பாதிப்பேருக்கு வருவது நல்ல சேதி.

இங்கே ஒரு குழப்பத்தை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட் வாங்கும் கவுண்டரில் ஒரு அம்மா ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கணவருக்கு மலக்குடல் புற்று, கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மருந்து தேர்ந்தெடுப்பதற்காகக் கட்டியில் செய்த சோதனையில் 'கே-ராஸ் மியூட்டேஷன் உள்ளது' என்று வந்திருந்தது. மகன் போனில் தேடிப் பார்த்து ஜீன் கோளாறாம், எங்களுக்கும் வருமாம் என்று சொல்லியிருக்கிறான். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்தம்மா கவலை கணவரிலிருந்து நகர்ந்து சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதில் வந்து நின்றிருந்தது. கே-ராஸ் என்பது அந்தக் கட்டிக்குள் பிறகு உண்டான மாற்றம், உடம்பின் மற்ற செல்களில் கிடையாது, பிள்ளைகளுக்குப் போகவே போகாது. எந்த ஊசி வேலை செய்யும், எது செய்யாது என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் சொல்லவில்லை, தாளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கட்டிக்குள் உண்டான மாற்றம் வேறு, பிறவியிலேயே உடம்பு முழுக்க இருக்கும் மாற்றம் வேறு என்ற இந்த ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டாலே எத்தனையோ வீட்டில் தூக்கம் திரும்பும்.

2022 ஜூனில் இன்னொரு கூத்து. நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்து, மலக்குடல் புற்றுநோயாளிகளில் சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்துவிட்டது என்று சேதி வந்தது. 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைகளும் டிவிகளும் கொட்டை எழுத்தில் போட்டன. அந்த 12 பேருக்கும் இருந்தது நான் மேலே சொன்ன பிழை திருத்தும் புரதம் இல்லாத வகைக் கட்டி என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? மலக்குடல் கட்டிகளில் அந்த வகை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பிழைகள் மலை போலக் குவிந்த கட்டி என்பதால் நம் எதிர்ப்பு சக்திக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. எதிர்ப்பு சக்தியைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை மருந்து எடுத்துவிட்டால் உடம்பே அந்தக் கட்டியைத் தாக்கி அழிக்கிறது. மற்ற வகை மலக்குடல் கட்டிகளில் இது பெரும்பாலும் நடக்காது. அன்றைக்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டு அலைந்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, என் ஸ்லைடில் அந்த நாலு புரதமும் இருக்கிறதா என்பதைத்தான். ஆக ஒரே சோதனை, சிகிச்சைக்கும் வழி சொல்கிறது, குடும்பத்துக்கும் எச்சரிக்கை கொடுக்கிறது. பிரிட்டனில் பெருங்குடல் புற்று என்று தெரிந்த எல்லாருக்கும், வயது வித்தியாசம் பார்க்காமல், இதைச் செய்ய வேண்டும் என்று 2017-லேயே பரிந்துரை வந்துவிட்டது. நம் மாநிலத்திலும் எந்த அரசு மருத்துவமனையில் அறுவை நடந்தாலும், காப்பீட்டு அட்டையில் தனியாரிடம் நடந்தாலும், நோயாளி கேட்காமலே இது நடக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் சோதனையால் ஊருக்கு என்ன லாபம்?

கண்டுபிடித்து என்ன செய்வது, கவலைப்பட்டுக்கொண்டே சாவதா என்று கேட்பவர்களுக்குப் பின்லாந்து பதில் சொல்லியிருக்கிறது. லிஞ்ச் ஆபத்துள்ள 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து வருஷம் கவனித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்குப் புற்று வந்தது, குடல் புற்றால் ஒருவர்கூட இறக்கவில்லை. பரிசோதித்துக்கொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள். 2000-இல் வெளியான கணக்கு இது. பாலிப்பாக இருக்கும்போதே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) வழியாகவே கிள்ளி எடுத்துவிடுவதுதான் ரகசியம். இப்போது எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 காரர்களுக்கு 25 வயதுக்குள் ஆரம்பித்து ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். மற்ற இரண்டில் ஆபத்து குறைவு, கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கலாம். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் கழிப்பறையிலேயே குடியிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம், பரிசோதனையில் மயக்கம் கொடுத்துவிடுவார்கள், தெரியாது.

அப்புறம் ஆஸ்பிரின். இங்கிலாந்து நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் தலைமையில் பல நாடுகளில் 861 லிஞ்ச்காரர்களிடம் செய்த ஆய்வில், இரண்டு வருஷம் போலத் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கும் பிற்பாடு பெருங்குடல் புற்று வந்தது. மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் கழித்தும் பலன் நிற்கிறது என்பது ஆச்சரியம். இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக வாங்கிப் போட வேண்டாம், இரைப்பையில் ரத்தக் கசிவு வரும். லிஞ்ச் உறுதியானவர்கள் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டில் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் வழக்கம் நமக்கு இன்னும் விட்டபாடில்லை. சொத்து வெளியே போகாது என்கிறோம், மரபணுவும் போகாது. லிஞ்ச் உள்ள ஒரு குடும்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே தாத்தாவிடமிருந்து அதே பிழையை வாங்கியிருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குக் குடல் புற்றுக்கு நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று என்று சிறு வயதிலேயே வரும், தோலில் பால்காப்பி நிறத்தில் திட்டுகள் இருக்கும். அபூர்வம்தான், ஆனால் சொந்தத்தில் கட்டும் சமூகங்களில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகப் பார்க்கிறார்கள். எம்.யு.டி.ஒய்.எச். என்று இன்னொரு மரபணு, 2002-இல் வேல்ஸ் நாட்டு கார்டிஃபில் கண்டுபிடித்தது. அதில் அப்பா அம்மா இருவரும் ஆளுக்கொரு பழுதுப் பிரதியை வைத்துக்கொண்டு நோயில்லாமல் நன்றாகவே இருப்பார்கள். இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் அதற்குக் குடலில் பத்து, ஐம்பது, நூறு என்று பாலிப் வரும். 'எங்க வம்சத்துலயே இது கிடையாதே' என்று பெற்றவர்கள் சத்தியம் செய்வார்கள், அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் குறுக்கே வரவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசும்போது யார் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்றும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் யார் கௌரவமும் குறைந்துவிடாது.

பயப்படுகிறவர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. சோதனையில் பிழை இருப்பது தெரிந்தால் வேலை கொடுப்பவன் என்ன சொல்வான், காப்பீட்டுக் கம்பெனி என்ன சொல்லும்? அமெரிக்காவில் மரபணு விவரத்தைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுக்கக் கூடாது என்று 2008-இல் தனிச்சட்டமே போட்டார்கள், ஆயுள் காப்பீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. அது வரும் வரை கண்ட கம்பெனியின் கிட்டில் எச்சில் துப்பி அனுப்புவதைவிட, மரபியல் ஆலோசனை உள்ள இடத்துக்குப் போவது நல்லது. அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, ரிப்போர்ட்டில் 'அர்த்தம் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். ஒப்பிட வைத்திருக்கும் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம்மவர்களுக்கு இப்படி வருவது அதிகம். அதை வைத்துக் குடலையோ கர்ப்பப்பையையோ எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

லிஞ்ச் எல்லாம் இல்லை, வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது என்றாலும் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சும்மா இருந்துவிடக் கூடாது. அறுபது வயதுக்கு முன் வந்திருந்தால், நாற்பது வயதில் அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி என்பது பல நாடுகளில் பின்பற்றும் முறை. அண்ணனுக்கு 46-இல் வந்ததா, தம்பி 36-இல் போய் நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை ஆய்வகத்துக்காரன்தான் சொல்ல முடியும். அறுவைக்குப் பிறகு அந்த மெழுகு பிளாக்குகளை ஆய்வகத்தில் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள், பிறகு இடமில்லை என்று கழித்துவிடுவார்கள். நோயாளி இறந்துவிட்டாலும் அந்த பிளாக்கில் நாலு புரதச் சோதனையைச் செய்யலாம், பிள்ளைகளுக்கு வழி தெரியும். ஐம்பதுக்குள் ஒருவருக்கு வந்த வீடாக இருந்தால் எழுதிக் கொடுத்து அந்த பிளாக்கையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். பிளாக்கின் ஓரத்தில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே பாருங்கள். வீட்டில் பீரோவுக்குள் வைத்தால் போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெயில் படும் ஜன்னலோரமும் காரின் டேஷ்போர்டும் மட்டும் வேண்டவே வேண்டாம், மெழுகு உருகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
மதுரை.